கழுவாத எறகு

சித்த தள்ளி உக்காருங்க. அந்தப் பையைக் கீழ வெக்காதீங்க, பஸ்ஸுல எவனாவது மிதிச்சுப்போடுவான். மடியில வெச்சுக்கங்க. சாவல்தானே உள்ள? கொண்டை வெளிய தெரியுதுங்களே. கட்டுச்சாவலுங்களா? ஓ, ஊட்டுச் சாவலா. எதா இருந்தா என்னங்க, உசுருதானே.

கொர கொரங்குதே. கேக்குதுங்களா? கர்ர்... கர்ர்... மூச்சை இழுக்கறப்ப கழுத்தை நீட்டி வாயைத் தொறக்குது பாருங்க. மாட்டாஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போறீங்களா? செரி, போங்க. ஆனா இந்தச் சத்தம் இருக்குதே... போன வருசம் தை மாசம் இந்தச் சத்தந்தான் என்ற பொறந்தவளை என்கிட்ட இருந்து பிரிச்சுது. ஒரே தங்கச்சிங்க எனக்கு, துளசிமணின்னு பேரு. ஒரு வருசமா அவ வாசல்ல நான் கால் வெக்கலை. இன்னைக்குத்தான் போறேன். நாளைக்கு அவ புள்ளைக்குக் காது குத்தறாங்க. தாய்மாமன் மடி இல்லாம எந்தப் புள்ளைக்குங்க காது குத்த முடியும்?

என்ற பேரு நாச்சிமுத்து. அரவக்குறிச்சிப் பக்கம் வந்து நாச்சிமுத்துன்னு கேட்டா ஒருத்தனும் சொல்ல மாட்டான். எறகு நாச்சிமுத்துன்னு கேளுங்க, தோட்டம் வரைக்கும் கூட்டிக்கிட்டு வந்து உடுவான்.

வெறுங்கால் சாவக்கட்டு பாத்திருக்கீங்களா? கத்தி கட்டி உட்டா ரெண்டு நிமிசத்துல ஒண்ணு கொடல் சரிஞ்சு கெடக்கும். அதுல என்ன இருக்குது? வெறுங்காலுன்னா அரைப் பொழுது அடிச்சுக்கும். கண்ணு பிதுங்கும், தாடி கிழிஞ்சு தொங்கும், ரத்தம் தொண்டைக்குள்ள எறங்கிச் சளியோட சேந்து கட்டிக்கும். இடையில தண்ணிக்குன்னு எடுப்பாங்க. அந்தச் சித்த நேரந்தான் என்ற வேலை. சாவலை அக்குளுக்குள்ள இடுக்கிக்கிட்டு, அலகைப் பொளந்து, எறகைத் தொண்டைக்குள்ள உட்டு, ஒரு திருகு திருகி இழுத்தமுன்னா, உள்ள இருக்கற அத்தனையும் வந்துரும். வாயில தண்ணி வெச்சு மூஞ்சியில ஒரு ஊது. ஈரத்துண்டுல ஒரு தொடை. செத்துப்போச்சுன்னு நெனச்ச சாவல் மறுக்கா எந்திரிச்சு எதிரி கண்ணைப் பேத்துருக்குதுங்க. அத்தனை ஊருக் கட்டுக்காரனும் என்னைத்தான் கூப்பிடுவான்.

இந்தா, இதுதான் அந்த எறகு. தொட வேண்டாம், கண்ணுல பாருங்க. என்ற மொத சாவல் பூதியோட றெக்கையில புடுங்குனது. பூதி கடைசிக் கட்டுல ரெண்டு கண்ணும் போயி, அப்பவும் சத்தம் வந்த பக்கம் எட்டி எட்டி ஒதைச்சுக்கிட்டே செத்துது. அழுதுகிட்டே புடுங்குனேன். அன்னைக்கு இருந்து இதை நான் கழுவுனதே கெடையாதுங்க. துண்டுல ஒரு தொடை தொடைச்சு இடுப்புல சொருகிக்குவேன், அவ்வளவுதான். கழுவுனா ராசி போயிரும். எத்தனை சாவல் எச்சில் ஏறுதோ அத்தனை வலு அதுக்கு.

போன வருசம் பொங்கல் முடிஞ்சு கரிநாளன்னைக்கு எங்க காட்டுக்குள்ள கட்டு. மேக்க இருந்து ஒருத்தன் வேன்ல கூண்டு கூண்டாச் சாவலோட வந்து எறங்குனான். அதுல செவலை ஒண்ணு, நிக்கறப்பவே கொர கொரங்குது, உங்குளுது மாதிரியேதான். 'அண்ணா, இதைச் சித்த பாருங்க'ன்னான். பாத்தேன். எறகை உட்டு இழுத்தா, பச்சையாச் சளி, அரை மொழம் இருக்கும். சுத்தி நின்னவனெல்லாம் வாயைப் பொளந்துட்டான். அப்படியே துண்டுல தொடைச்சேன். அடுத்தது என்ற மயிலு எறங்குது.

மயிலுங்கறது என்ற சாவல். நான் பெத்த புள்ளைன்னே வெச்சுக்கங்க, எனக்குத்தான் புள்ளை இல்லையே. அன்னைக்கு அது அடிச்ச அடி இருக்குதே! எதிராளி சாவலு நல்ல கருப்பு, எலும்பு கனம். மூணு தாட்டி தண்ணிக்கு எடுத்தோம். மூணு தாட்டியும் மயிலு தொண்டையில எறகு உட்டேன். எதிராளிக்கும் நாந்தான் உட்டேன், அதுல எல்லாம் நான் பாரபட்சம் பாக்க மாட்டேன். கடைசியில மயிலு அந்தக் கருப்போட மண்டையைப் புடிச்சுக்கிட்டு மிதிச்சு மிதிச்சே கொன்னுது. அது செத்தப்பறமும் உடலைங்க, கழுத்துச் சதையைப் பிச்சுப் பிச்சு வீசுது. நான் போயித் தூக்கலைன்னா எலும்புதான் மிஞ்சியிருக்கும். எனக்குப் பெருமை தாங்கலை.

செத்த சாவல் ஜெயிச்சவனுக்குங்கறது உங்களுக்குத் தெரியுமில்ல? அந்தக் கறியை நான் எப்பவும் துளசி ஊட்டுக்குத்தான் கொண்டு போறது. மயிலையும் ஒரு அக்குள்ல இடுக்கிக்கிட்டு, அந்தக் கருப்பையும் தொங்க உட்டுக்கிட்டு, பொழுது எறங்கறதுக்கு முன்ன அவ ஊடு போயிச் சேந்துட்டேன். வாசல்லயே உக்காந்து மசுரு புடுங்குனோம். கொடலை வீசுனா அவ கோழிக ஓடியாந்து இழுத்துக்கிட்டு ஓடுது. சிரிப்பா இருந்துது.

துளசி கோழி வளக்கறவங்க. நாட்டுக்கோழி, தோட்டம் பூரா மேயும். முட்டை, குஞ்சு, கறின்னு அதுலதான் அவ ஊட்டு அடுப்பு எரியுது. மாப்பிள்ளை சாமியப்பன் பால் சொசைட்டியில இருக்கறாரு. அவரு கொஞ்சம் படிச்ச மனுசன், அதுதான் அவருகிட்ட இருக்கற கொறை. மாட்டு டாக்டரு கூட்டம் போட்டா மொத வரிசையில போயி உக்காந்துக்குவாரு.

அன்னைக்கு ஒரு பெட்டைக்குத் தொண்டை கட்டியிருந்துது. குருணை மாட்டியிருக்கும், வேற ஒண்ணுமில்லை. 'அண்ணா, இதுக்கு எறகு உட்டுடு'ன்னா துளசி. உட்டேன். எறகு வெளிய வந்தது வந்துருச்சு, முன்ஜாக்கிரதையா எல்லாத்துக்கும் உட்டுரலாம்னேன். சாமியப்பன் பக்கத்துல வந்து, 'மச்சான், கோவிச்சுக்காதீங்க. சாவக்கட்டுக்குப் போயிட்டு வந்த எறகு. வெந்நீர்ல ஒருக்கா முக்கியாச்சும் உடுங்க'ங்கறாரு. எனக்குச் சுருக்குனுச்சு. நான் பேசறதுக்குள்ள துளசி சொன்னா பாருங்க, 'நீங்க சும்மா இருங்க. எங்கண்ணன் கைராசி இந்தச் சில்லாவுக்கே தெரியும்'னு. கோழிகளைக் கூட்டுக்குள்ள அடைச்சு அவளே ஒவ்வொண்ணாப் புடிச்சுக் குடுத்தா. நான் ஒவ்வொண்ணுக்கா உட்டேன். ஒண்ணு பாக்கி இல்லை. துளசி புள்ளை, என்ற மருமவ யாழினி, பக்கத்துல உக்காந்து எண்ணிக்கிட்டே இருந்துது. மாப்பிள்ளை மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உள்ள போயிட்டாரு. அன்னைக்கே அவரு மனசுல வன்மம் ஏறிருச்சு, நான் கவனிக்கலை.

மூணு நாள் கழிச்சு, நான் தோட்டத்துல இல்லாத நேரமாப் பாத்து சாமியப்பன் எங்க ஊட்டுக்கு வந்திருக்கறாரு. கையில ஐஸ் போட்ட பிளாஸ்க்கு. என்ற ஊட்டுக்காரிகிட்ட, 'வெள்ளைக்கழிச்சல் வராம இருக்கறதுக்குச் சொட்டு மருந்து, குஞ்சுகளுக்கு வாங்குனதுல மிச்சம், மச்சான் சாவலுக்கும் உட்டுடறேன்'னு சொல்லி, மயிலு கண்ணுல ஒரு சொட்டு, மூக்குல ஒரு சொட்டு. மிச்சம் எட்டுக்கும் அப்படியே. அவளும் வாயை மூடிக்கிட்டுப் பாத்திருக்கறா. நான் வந்தப்பறம் ஒரு வார்த்தை சொல்லலை.

மறுநாள் வெடியால மயிலு கூவலைங்க.

போயிப் பாத்தா உடம்பை உப்ப வெச்சுக்கிட்டு உக்காந்திருக்குது. கர்ர்... கர்ர்... மூக்குல தண்ணி. கொண்டை கருத்துருச்சு. எறகை எடுத்தேன், உட்டேன். சளி வந்துது. சித்த நேரத்துல மறுக்கா கட்டிக்குச்சு. மறுக்கா உட்டேன். அதுக்கு உட்டுட்டு அடுத்ததுக்கு, அடுத்ததுக்கு உட்டுட்டு அதுக்கு அடுத்ததுக்கு, ஒம்பதுக்கும் ஒரு வேளை தப்பாம உட்டேன். என்ன உட்டும் நிக்கலை. ரெண்டாவது நாள் வெள்ளையும் பச்சையுமாக் கழிஞ்சுது. மூணாவது நாள் கழுத்து முறுக்கிக்கிச்சு. அலகு வானத்தைப் பாக்குது, காலு பின்னால இழுக்குது, சுத்திச் சுத்தி உழுந்து செவுத்துல முட்டுது. அந்தக் கருப்பைக் கொன்ன சாவலுங்க அது! என்ற மடியில தலையை வெச்சு, வாயைத் தொறந்து தொறந்து காத்துக்குத் தவிச்சுச் செத்துது. நான் வாயை வெச்சு ஊதிப் பாத்தேன். என்ற வாயெல்லாம் அதோட கோழை.

மிச்சத்துல அஞ்சு அன்னைக்கே போயிருச்சு. மூணு துடிச்சுக்கிட்டு இருந்துது. பாக்கத் தாங்கலை. என்ற கையாலயே கழுத்தைத் திருகிப்போட்டேன். ஒண்ணு திருகியும் சாகலை, அதைக் கல்லுல அடிச்சேன். நான் வளத்தது.

அப்பத்தான் என்ற ஊட்டுக்காரி அழுதுகிட்டே வந்து சொட்டு மருந்து கதையைச் சொல்றா. 'யாரு தொட்டது? எப்பத் தொட்டது?'ன்னு கேட்டேன். எனக்கு எல்லாம் வெளங்கிருச்சு. நல்லா இருந்த சாவலு, அவன் கை பட்ட மறுநாள் படுத்துருச்சு. வேற என்னங்க சாட்சி வேணும்? அவ கன்னத்துல ஒண்ணு உட்டேன். கத்திப் பெட்டியைத் தொறந்து, சாவலுக்குக் கட்டற கத்தி ஒண்ணை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டேன். வெரல் நீளந்தான் இருக்கும். ஆனா மசுரை மேல போட்டா ரெண்டாயிரும்.

அங்க போயிப் பாத்தா, துளசி தோட்டத்துல பெரிய குழி. சாமியப்பன் இடுப்பு வரைக்கும் குழிக்குள்ள நின்னு மண்ணை அள்ளி வீசிக்கிட்டு இருக்கறான். பக்கத்துல குமிச்சு வெச்சிருக்குது, அத்தனை கோழியும். ஒண்ணு மிச்சமில்லை. கழுத்து முறுக்குன வாக்குல, காலு வெறைச்சு, ஈ மொய்ச்சுக்கிட்டு. மேல சுண்ணாம்பு. ஒரு நிமிசம் எனக்குப் பொறி கலங்கிப்போச்சு. அப்பறம் புரிஞ்சுது. என்ற சாவலைக் கொன்னவன்னு தன் மேல சந்தேகம் வரக்கூடாதுன்னு தன்ற கோழியையும் கொன்னு போட்டு நாடகம் ஆடறான்! எம்புட்டு நெஞ்சழுத்தம் பாருங்க. சிரிக்காதீங்க. நீங்க அந்த எடத்துல நின்னிருந்தா உங்களுக்கும் அப்படித்தான் தோணியிருக்கும்.

என்னைப் பாத்துட்டு, 'மச்சான், உங்களுதும் போயிருச்சா?'ன்னு கேட்டான். பாவப்படற மாதிரி. அதுதான் என்னால பொறுக்க முடியலை. குழிக்குள்ள குதிச்சு, முடியைப் புடிச்சு, மூஞ்சியை மண்ணுல தேச்சேன். 'மச்சான், மச்சான்'னு கத்தறான். திருப்பி அடிக்கவே இல்லைங்க, அதுவும் எனக்கு ஏறுச்சு. கத்தியை வீசுனேன். கழுத்துக்குத்தான் வீசுனேன், பொய் சொல்ல மாட்டேன். கையைக் குறுக்க நீட்டிட்டான். சோத்தாங்கை. ரெண்டு வெரலு அப்படியே தோலுல தொங்குது. ரத்தம் சுண்ணாம்பு மேல பீய்ச்சுது. மறுக்கா ஓங்குனேன்.

ஓங்குன கை எறங்கலை. பின்னால இருந்து தோளுல இடி உழுந்த மாதிரி ஒரு அடி. திரும்புனா துளசி, கையில மம்முட்டி. புடியால அடிச்சிருக்கறா. காரை எலும்பு ரெண்டு துண்டு. அடுத்த அடி வாயில. இந்தா பாருங்க, இந்த ரெண்டு பல்லும் கட்டுன பல்லு. நான் கீழ உழுந்தது செத்த கோழிக மேல. அப்பவும் உடலைங்க அவ, முதுகுல, முழங்கால்ல, எங்க பட்டாலும் படட்டும்னு அடிக்கறா. அடிக்கறதும் அழுகறதும் ஒண்ணா. 'உன்ற எறகுதாண்டா கொன்னுச்சு! நாந்தாண்டா ஒவ்வொண்ணாப் புடிச்சுக் குடுத்தேன், பாவி! என்ற கையாலயே புடிச்சுக் குடுத்தேன்டா!'

கேட்டீங்களா? டா போட்டுட்டாங்க. ஒரே அண்ணன், அப்பன் இல்லாத புள்ளைன்னு தோளுல தூக்கி வளத்தவன், என்னை டா போட்டுக் கூப்பிட்டா. பல்லு போனது வலிக்கலை, அது வலிச்சுது. யாழினி குழி ஓரத்துல செத்த கோழி ஒண்ணை நெஞ்சோட புடிச்சுக்கிட்டு நின்னு என்னையே பாத்துக்கிட்டு இருந்துது. 'மாமா வேண்டாம்'னு அது சொன்னது ஒரே ஒருக்காத்தான். அதையும் மறக்க முடியலை.

'இவன் மடியில என்ற புள்ளை உக்காரமாட்டா. இவன் செத்தாலும் நான் வரமாட்டேன்'னு ஊரைக் கூட்டி வெச்சுச் சத்தியம் பண்ணுனா துளசி.

அதுக்கு அப்பறம் மாட்டு டாக்டரு வந்து குழியைப் பாத்துட்டு எங்க தோட்டத்துக்கும் வந்தாரு. இது மூச்சுக்காத்துலயும் சளியிலயும் பரவற சீக்கு, மருந்தே கெடையாது, முன்கூட்டி ஊசி போட்டாத்தான் உண்டு, மனுசன் கையில, துணியில ஒட்டிக்கிட்டு ஊர் ஊராப் போகும்னு என்னென்னமோ சொன்னாரு. 'ரெண்டு எடத்துலயும் எல்லாக் கோழியையும் தொட்டது யாரு?'ன்னு கேட்டாரு. 'சாமியப்பன்'னு பட்டுனு சொன்னேன். அவரு என்ற இடுப்பு எறகையே பாத்துக்கிட்டு நின்னாரு. படிச்சவனுக படிச்சவனுக்குத்தானே ஏத்துக்கிட்டுப் பேசுவானுக.

இன்னொண்ணு கேளுங்க. வெரலு போன ஆளு ஆஸ்பத்திரியில என்ன சொல்லியிருக்கறான் தெரியுங்களா? மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டற மெசின்ல கையைக் குடுத்துட்டேன்னு. போலீசு கேட்டதுக்கும் அதேதான். என்ற பேரையே எடுக்கலை. ஏன்? மடியில கனம் இருந்ததாலதானே? நான் கோர்ட்டுல வந்து சொட்டு மருந்து கதையை எடுத்து உட்டா அவன் பொழப்பு என்னாகறது? அந்தப் பயம். ஊருல எல்லாரும், சாமியப்பன் உன்னைக் காப்பாத்திட்டான்டான்னாங்க. எனக்குச் சிரிப்புத்தான் வந்துது.

ஆனா இந்த ஒரு வருசம் இருக்குதே... ஊர்த் திருவிழா நோம்பிக்குத் துளசி வரலை. அம்மா தெவசத்துக்கு வரலை. சந்தையில என்னைப் பாத்துட்டு எதுத்த சந்துல போயிட்டா. தனியா உக்காந்து அழுதிருக்கறேன், உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. எனக்கு அவளை உட்டா ஆரு இருக்கறா? மயிலு போச்சு, வேற சாவல் வளத்துக்கலாம். பொறந்தவ போயிட்டா எங்கங்க போயி வாங்கறது?

முந்தாநாள் போன் அடிச்சுது. எடுத்தா சாமியப்பன். 'மச்சான், புள்ளைக்குக் காது குத்தறோம். உங்க மடி இல்லாம நான் குத்தமாட்டேன்னு துளசிகிட்டச் சொல்லிட்டேன். வாங்க'ன்னாரு. அப்பறம் போனைத் துளசி வாங்குனா. 'அண்ணா'ன்னா. ஒரு வருசத்துக்கு அப்பறம் அண்ணான்னா! 'வெறுங்கையோட வாண்ணா. நீ மட்டும் வந்தாப் போதும். கையில, இடுப்புல, ஒண்ணும் கொண்டாராத. சத்தியம் பண்ணு'ன்னா. 'செரி அம்மிணி, செரி'ன்னேன். அவளுக்கு எப்பவும் அப்படித்தானுங்க, அண்ணன் சீரு செனத்தின்னு செலவு பண்ணிக் கஷ்டப்படக்கூடாதுன்னு நெனப்பா. ஆனா அவ சொன்னான்னு தாய்மாமன் வெறுங்கையோட போயி நிக்க முடியுங்களா? இந்தா, இந்தத் தட்டத்துல பாருங்க, பட்டுப்பாவாடை, வளையலு, காதுக்குத் தோடு.

அட, என்னங்க, உங்க சாவல் கண்ணு சொருகுது! பையைக் கொண்டாங்க இப்படி. ஆஸ்பத்திரி போற வரைக்கும் தாங்காது இது. கொண்டாங்கங்கறேன். ஏன் இழுக்கறீங்க? நான் என்ன அறுக்கவா போறேன்? கையை எடுய்யா அக்கட்டால! ...மன்னிச்சுக்கங்க, எனக்குப் பட்டுனு கோவம் வந்துரும். காலு ரெண்டையும் மட்டும் புடிச்சுக்கங்க. இப்படி அலகைப் பொளந்து... உள்ள... ஒரு திருகு... வந்துருச்சு பாத்தீங்களா! பச்சை, அரை மொழம். என்னா நாத்தம். இப்பப் பாருங்க, சாவலு எப்படி மூச்சு உடுதுன்னு. இந்தாங்க, வெச்சுக்கங்க. ஒண்ணும் தர வேண்டாம், இதுக்கு நான் கை நீட்டறது இல்லை.

கழுவறதா? என்னங்க நீங்களும் மாப்பிள்ளை மாதிரியே பேசறீங்க. துண்டுல தொடைச்சாச்சு, போதும். தட்டத்துல பாவாடை மேல வெச்சுக்கறேன், இடுப்புல சொருகுனா துளசி கோவிச்சுக்குவா.

துளசி மறுக்கா கோழி வெச்சிருக்கறாளாம், கூடு நெறைய. குஞ்சும் பெட்டையுமா. யாழினிக்குன்னு தனியா ஒரு வெள்ளைப் பெட்டையாம், ராத்திரி அதைப் பக்கத்துல படுக்க வெச்சுக்கிட்டுத்தான் தூங்குதாம். போன தாட்டி நடந்ததை எல்லாம் நான் மனசுல வெச்சுக்கலைங்க. மாப்பிள்ளையை மன்னிச்சுட்டேன். ரெண்டு வெரலு இல்லாத கையில பாவம் அவரு கோழிக்கு ஒரு வேலையும் செய்ய முடியாது. அதுதான், போன ஒடனே மொதல்ல கூட்டுக்குப் போயி ஒவ்வொண்ணுக்கா உட்டுரப்போறேன். மருமவளோட வெள்ளைப் பெட்டைக்குத்தான் மொதல்ல. அதுக்கு அப்பறந்தான் புள்ளையை மடியில உக்கார வெக்கறது.

ஏனுங் கண்டக்டரு, புதூர் பிரிவுல ஆளு எறக்கம்! நிறுத்துங்க.

என்னங்க, கையைப் புடிக்கறீங்க? உடுங்க, எறங்கோணும். தட்டத்தைப் புடிக்காதீங்க, எறகு கீழ உழுந்துரும். வெறுங்கையோட போயி நின்னா தாய்மாமனுக்கு என்னங்க மருவாதி?